சிறுபயறின் கொக்கி: எத்திலீனை மறிக்கும் மூலக்கூறுகளைத் தேடி

குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு எத்திபான் புதிய பெயர் இல்லை. வெட்டுப் பட்டையில் தடவினால் பால் சீக்கிரம் நின்றுவிடாமல் கூடுதல் நேரம் ஓடும். ரப்பருக்கு இடையே அன்னாசி போட்டவர்கள் அதையே நீர்த்து, குருத்தில் ஊற்றிப் பூக்க வைப்பார்கள். உண்மையில் இந்த வேலைகளைச் செய்வது எத்திபான் அல்ல, அது உடையும்போது வெளிவரும் எத்திலீன் வாயு, செடிகளே தமக்குள் சுரக்கும் ஒரு ஹார்மோன். அமிலக் கரைசலில் இருக்கும்வரை எத்திபான் உடையாமல் கிடக்கும். அமிலத்தன்மை குறைந்து பி.எச். அளவு 4-ஐத் தாண்டி ஏற ஏற அது எத்திலீன், குளோரைடு, பாஸ்பேட் என்று பிரியும்.

எங்கள் தெருவில் பால் வெட்டும் அண்ணன் ஒருவர் கேட்டார்: “சாரே, பால் கூட்டுகதுக்கு மருந்து இருக்கு. அந்த மருந்துக்க வேகத்த நிறுத்துகதுக்கும் ஒரு மருந்து இருக்குமா?”

“உண்டு அண்ணே. ஆனா அது மரத்துல தேய்க்கக்கூடிய சாமானம் இல்ல.”

கேள்வி அருமையான கேள்வி. மேல்நிலை வகுப்பில் தாவரவியல் நடத்துகிறவன் என்பதால், பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் விஷயத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து கையால் செய்து பார்க்க இதுவே நல்ல வாய்ப்பாகப் பட்டது. பெரிய ஆய்வகங்களில் ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகளை நாற்றுகள் மேல் சோதித்து, சல்லடையில் சலிப்பதுபோல் வேண்டியதைப் பிரித்தெடுக்கிறார்கள். அதையே மருந்துக்கடை, உரக்கடை, பள்ளி வேதியியல் கூடம் ஆகிய மூன்றிலும் கிடைப்பதை வைத்துச் செய்ய முடியுமா? முடியும். எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் எதைப் பார்க்கப்போகிறோம் என்பது. 1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்ஜுபோவ் என்ற இளம் ஆய்வாளர், தன் ஆய்வகத்தில் இருட்டில் வளர்ந்த பட்டாணி முளைகள் குள்ளமாக, தடித்து, பக்கவாட்டில் படுத்து வளர்வதைக் கவனித்தார். வெளிக்காற்றில் வைத்தால் நேராக வளர்ந்தன. விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். மும்மடி விளைவு என்று சொல்வது இதைத்தான். ஆய்வகங்களின் செல்லப் பிள்ளையான அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் அதன் வடிவம் கொஞ்சம் வேறு: தண்டும் வேரும் குட்டையாகும், தண்டு தடிக்கும், உச்சியில் வளைந்து நிற்கும் கொக்கி இன்னும் இறுகிச் சுருளும்.

அராபிடாப்சிஸ் விதை நமக்கு எளிதில் கிடைக்காது, நம்மூர் வெக்கையும் அதற்கு ஒத்துவராது. சிறுபயறு போதும். 28, 30 டிகிரியில் அது துள்ளிக்கொண்டு முளைக்கும். விதையிலையைத் தூக்கிக்கொண்டு மேலே வருவதால் விதையிலைக்குக் கீழே உள்ள கீழ்த்தண்டையும் கொக்கியையும் கண்ணால் பார்த்தே அளக்கலாம்.

விதையைச் சலவை பிளீச்சை நீர்த்து அதில் ஐந்து நிமிடம் போட்டு, நன்றாக அலசி, ஆறு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். வேர் ஒரு சென்டிமீட்டர் எட்டிப்பார்த்ததும் ஒரே அளவில் உள்ளவற்றைப் பொறுக்கி, வடிதாள் விரித்த சிறு தட்டில் வைத்து, 1 லிட்டர் கண்ணாடிப் பாட்டிலுக்குள் இறக்கி மூடவும். ஒரு பாட்டிலுக்கு ஆறு விதைக்கு மேல் வேண்டாம். முளைகள் விடும் கரியமில வாயு மூடிய பாட்டிலில் சில சதவீதம் சேர்ந்துவிடும். கரியமில வாயு அந்த அளவில் எத்திலீனுக்கே எதிராக நிற்கும். அப்புறம் நீங்கள் சோதிக்கும் மூலக்கூறு மறித்ததா, பாட்டிலின் புழுக்கம் மறித்ததா என்று தெரியாது. விதை கூட வேண்டுமென்றால் பாட்டிலைக் கூட்டுங்கள். நாளுக்கு ஒரு முறை திறந்து, விசிறிக் காற்றை மாற்றி, வாயுக் கிண்ணத்தைப் புதிதாக வைத்து மூடுங்கள். 48 மணி நேரம் முழு இருட்டு. இடையில் பார்க்க வேண்டுமென்றால் பச்சை செலோபன் தாளைப் பல மடிப்பாகச் சுற்றிய டார்ச் போதும். வெள்ளை வெளிச்சம் பட்டால் கொக்கி நிமிர ஆரம்பித்துவிடும்.

வாயுக் கிண்ணம் என்றேனே, அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எத்திபானை விதை இருக்கும் நீரிலேயே கலக்கக் கூடாது. கலந்தால் அமிலமும் பாஸ்பேட்டும் சேர்ந்தே வேருக்குப் போகும். பாட்டிலுக்குள் தனியாக ஒரு சிறு மூடியில் கரைசலை வைத்தால் வாயு மட்டும்தான் விதையைத் தொடும்.

கணக்கு இப்படி. கடையில் கிடைக்கும் எத்திபான் 39 சதவீதக் கரைசல், லிட்டருக்கு ஏறத்தாழ 390 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மூலக்கூறு எடை 144.5. ஆகவே அது சுமார் 2.7 மோலார், அதாவது லிட்டருக்கு 2.7 மோல். அதில் 1 மில்லியை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் விட்டால் 2.7 மில்லிமோலார். அதிலிருந்து 0.1 மில்லியை எடுத்துக் கிண்ணத்தில் விடுகிறோம். இதில் இருப்பது 0.27 மைக்ரோமோல். முழுதும் உடைந்தால் 30 டிகிரியில் கிட்டத்தட்ட 6.7 மைக்ரோலிட்டர் வாயு, 1 லிட்டர் பாட்டிலில் பத்து லட்சத்தில் 6.7 பங்கு. முளைகள் முழுவீச்சில் எதிர்வினை காட்ட இது தாராளம். 0.1 மில்லி அளக்க இன்சுலின் ஊசி நல்லது. ஆனால் எந்த ஊசி என்று பார்க்க வேண்டும்: யு-40 ஊசியில் 4 யூனிட்தான் 0.1 மில்லி, யு-100 ஊசியில் 10 யூனிட்.

எத்திபானை விரைவாக உடைக்கக் காரம் வேண்டும். சமையல் சோடா போடலாமே என்று ஒரு பிள்ளை கேட்டாள். வேண்டாம், அதுவே கரியமில வாயுவை விடும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவு நீரில் 10 மில்லி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றி, எத்திபானை விட்ட உடனே மூடிவிட்டால் போதும். நல்ல காரம். முளை விடும் கரியமில வாயுவிலும் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும். மறுநாள் பார்த்தால் கிண்ணத்தின் மேல் வெள்ளை ஏடு படிந்திருக்கும், அது கால்சியம் கார்பனேட். எத்திபான் இல்லாத பாட்டில்களிலும் வெறும் சுண்ணாம்புத் தெளிவு நீர்க் கிண்ணம் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்படி வைத்த முதல் பாட்டில்களைத் திறந்தபோது பிள்ளைகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வாயு இல்லாத பாட்டிலில் கீழ்த்தண்டு 6 சென்டிமீட்டர் சுமாருக்கு, வெளுத்து, ஒல்லியாக நின்றது. வாயுப் பாட்டிலில் 2 சென்டிமீட்டரைத் தொடவே திணறியது. தண்டு உருண்டு தடித்திருந்தது. கொக்கி வளைவு முழு வட்டம் போட்டு, விதையிலை தன் தண்டையே திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. எத்திபான் விதையைத் தொடவே இல்லை என்பதை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய காட்சி இது.

இனிதான் மூலக்கூறுகளைச் சலித்தெடுக்கும் வேலை. எத்திலீனின் வேலையைக் கெடுக்க இரண்டு வழி உண்டு. சங்கு ஊதுகிறவரை நிறுத்தலாம், அல்லது கேட்கிறவர் காதைப் பொத்தலாம். முதலாவது, செடி தானே எத்திலீன் தயாரிப்பதை மறிப்பது. செடி ஏ.சி.சி. என்ற ஒரு பொருளைச் செய்து, அதிலிருந்து எத்திலீனைச் செய்கிறது. இதைக் கலிபோர்னியாவில் ஆடம்ஸும் யாங்கும் 1979-இல் நிறுவினார்கள். இரண்டாவது, எத்திலீனை உணரும் ஏற்பியை முடக்குவது. வெளியிலிருந்து வாயு கொடுக்கும் பாட்டிலில், தயாரிப்பை மறிக்கும் மூலக்கூறால் ஒன்றும் செய்ய முடியாது. ஏற்பியை முடக்குவது மட்டுமே முளையை நெடிதாக்கும்.

அப்படியானால் செடியைத் தானே எத்திலீன் தயாரிக்க வைக்கும் இன்னொரு பாட்டிலும் வேண்டும். ஏ.சி.சி. விலை கூடியது. ஆனால் சிறுபயறில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்தால் ஏ.சி.சி. தயாரிப்பு எகிறும், இது நன்றாக நிறுவப்பட்ட சங்கதி. மாங்காய்ப் பிஞ்சு உதிராமலிருக்க உரக்கடையில் விற்கும் பிளானோபிக்ஸ் என்பது 4.5 சதவீத நாப்தலீன் அசிட்டிக் அமிலம், ஓர் ஆக்சின். லிட்டருக்கு 0.1 மில்லி கலந்தால் 24 மைக்ரோமோலார் சுமார். இதில் முளைகள் குள்ளமாகித் தடித்தன. கூர்ந்து பார்த்தால் கீழ்த்தண்டில் நெட்டுக்கு வரிசை பிடித்து வெள்ளை முண்டுகள், பிற்பாடு தண்டிலிருந்தே வரப்போகும் வேற்றிட வேர்களின் தொடக்கம். அது ஆக்சினின் சொந்த வேலை. ஆகவே இந்தப் பாட்டிலில் எந்த மூலக்கூறும் முளையை முழுக்க மீட்காது. பாதி மீட்டாலே பெரிது.

ஆக, ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பாட்டில்: பொருள் மட்டும், பொருளோடு எத்திபான் கிண்ணம், பொருளோடு ஆக்சின். பக்கத்தில் பொருள் இல்லாத மூன்று பாட்டில். எதில் என்ன இருக்கிறது என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. ஒரு குழு எண் ஒட்டியது, இன்னொரு குழு அளந்தது. நீளத்தை வரைபடத் தாளில் கிடத்திப் படம் பிடித்து அளந்தோம். தடிமனுக்கு இயற்பியல் கூடத்தின் திருகு அளவி வேண்டாம், பிஞ்சுத் தண்டு நசுங்கிவிடும். வெர்னியர் அளவியை லேசாகத் தொடவைத்துப் படித்தால் சரியாக வரும்.

வெள்ளியில் இருந்து தொடங்கினோம், ஏனென்றால் அதன் விடை ஏற்கெனவே தெரியும். வெள்ளி அயனி எத்திலீன் விளைவை மறிக்கும் என்பதை 1976-இல் பேயர் காட்டினார். எத்திலீன் ஏற்பியின் உள்ளே ஒரு செம்பு அயனி இருக்கிறது, எத்திலீன் வந்து ஒட்டுவது அதில்தான். செம்பின் இடத்தில் வெள்ளி உட்கார்ந்துகொண்டால் ஏற்பி எத்திலீன் வந்த சேதியைக் கடத்தாது. விடை தெரிந்த ஒன்றைச் சலிப்பில் வைத்து, அது சரியாக வருகிறதா என்று பார்க்காமல், தெரியாத பொருளுக்குப் போவதில் அர்த்தமில்லை.

வெள்ளி நைட்ரேட்டை நேரடியாகக் கொடுத்தால் வேர் கருகும். பூச்செண்டு வியாபாரிகள் கார்னேஷன் பூ வாடாமலிருக்கப் பயன்படுத்தும் வெள்ளி தயோசல்பேட் அதைவிட நல்லது. வெள்ளி நைட்ரேட்டும் சோடியம் தயோசல்பேட்டும் தலா 0.1 மோலார் கரைத்து, தயோசல்பேட் 4 பங்கை வேகமாகக் கலக்கிக்கொண்டே வெள்ளி நைட்ரேட் 1 பங்கை மெதுவாக ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் பழுப்பும் கறுப்புமாக வீழ்படிவு வரும். கிடைப்பது 20 மில்லிமோலார் கரைசல், அதை நீர்த்து 50 மைக்ரோமோலாருக்குக் கொண்டுவரலாம். கரைக்கும் நீர் காய்ச்சி வடித்ததாகவே இருக்க வேண்டும். மணக்குடி, ராஜாக்கமங்கலம் மாதிரிக் கடலோரக் கிணற்று நீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், உடனே வெள்ளையாகக் கலங்கும். அந்த உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொள்கிறது. வெளிச்சத்திலும் வைக்கக் கூடாது, பழுப்பு பாட்டில் வேண்டும். கையில் பட்டால் கறுப்புக் கறை சில நாள் போகாது.

எத்திபான் கிண்ணத்தோடு இருந்த வெள்ளிப் பாட்டிலில் முளைகள் 5 சென்டிமீட்டருக்கு வளர்ந்து, ஒல்லியாக, கொக்கி தளர்ந்து நின்றன. வாயு அங்கே நிறைந்திருந்தது, முளைக்கு அது தெரியவே இல்லை. எனக்கு இந்தச் சோதனை முழுவதிலும் பிடித்தது இந்த ஒரு பாட்டில்தான்.

அடுத்து கோபால்ட் குளோரைடு, 100 மைக்ரோமோலார். ஏ.சி.சி.யை எத்திலீனாக மாற்றும் நொதியைக் கோபால்ட் மறிக்கும். எதிர்பார்த்தபடியே எத்திபான் பாட்டிலில் முளை குள்ளமாகவே இருந்தது, ஆக்சின் பாட்டிலில் கொஞ்சம் நெடிதானது. வேறுபாடு பெரிதல்ல. ஆனால் எண் மட்டும் தெரிந்த பிள்ளைகள் அளந்தபோதும், திரும்பச் செய்தபோதும் அதே பக்கமே சாய்ந்தது.

இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குப் போனோம். இங்கேதான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது.

மாறாமலைக் கிராம்பு எங்கள் மாவட்டத்துக்குப் பெருமை, கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால், சின்ன மூலக்கூறு. அதைச் சலிப்பில் சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் நின்றார்கள், சேர்த்தோம். மூன்று பாட்டிலிலும் முளைகள் குள்ளம். “சாரே, இதும் எத்திலீன் மாதிரியே செய்யுது!” என்று ஒருவன் குதித்தான். தண்டை அளக்கச் சொன்னேன். தடிக்கவில்லை. கொக்கி இறுகவில்லை. வேர் நுனி பழுப்பேறிக் குழைந்திருந்தது. இது ஹார்மோன் விளைவு இல்லை, நஞ்சு. உயிரணுவை நலிக்கிற எதுவும் முளையைக் குட்டையாக்கும். நீளத்தை மட்டும் அளப்பவர் உலகத்திலுள்ள பாதிப் பொருளை எத்திலீனின் உறவு என்று எழுதிவிடுவார். குட்டை, தடிமன், கொக்கி மூன்றும் சேர்ந்து வந்தால்தான் எத்திலீன் பக்கம் யோசிக்கவே வேண்டும்.

இதைவிடத் தந்திரமானது பேக்லோபூட்ரசால். மாமரத்தைப் பூக்க வைக்க வேரடியில் ஊற்றும் கல்டார் மருந்தில் இருப்பது. இது முளையைக் குட்டையாக்கும், தண்டு கொஞ்சம் தடித்தும் தெரியும், வேர் நலமாகவே இருக்கும். மூன்றில் இரண்டு பொருந்துகிறது. ஆனால் கொக்கி இறுகுவதற்குப் பதில் இருட்டிலேயே அவிழ்ந்து நிமிர்ந்துவிட்டது. காரணம், இது மறிப்பது தண்டை நீளவைக்கும் ஹார்மோனான ஜிப்ரலினின் தயாரிப்பை. இருட்டில் கொக்கியை வளைத்து வைத்திருக்க ஜிப்ரலின் வேண்டும். அதே தட்டில் ஜிப்ரலிக் அமிலம் சேர்த்ததும் முளை மறுபடி நெடிதாகிக் கொக்கியும் திரும்பியது. சந்தேகம் தீர்ந்தது. ஒரு பொருள் எந்த ஹார்மோனை மறிக்கிறது என்று சொல்லத் துணிகிறவர், அந்த ஹார்மோனைத் திரும்பக் கொடுத்துப் பார்த்துவிட்டே சொல்ல வேண்டும்.

ஆஸ்பிரினைப் பற்றி நிறைய எதிர்பார்த்தேன். சாலிசிலிக் அமிலம் எத்திலீன் தயாரிப்பை மறிக்கும் என்பது பேரிக்காய்த் திசு வளர்ப்பில் காட்டப்பட்டது. 75 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து 40 மில்லி எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதை வடிகட்டியே ஆக வேண்டும். மாத்திரையில் மாவும் கலந்திருக்கும், தட்டில் விழுந்தால் ஆனி, ஆடி ஈரத்தில் மறுநாளே பூஞ்சணம் பூக்கும். கரைக்க மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்காதீர்கள், அதில் மெத்தில் சாலிசிலேட் கலப்பதுண்டு. நாம் சோதிக்கும் பொருளின் தம்பியையே ஒப்பீட்டுப் பாட்டிலிலும் ஊற்றியதாகிவிடும். பள்ளிக் கூடத்தின் சுத்த எத்தனால்தான் சரி, அதுவும் எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே அளவு.

100 மைக்ரோமோலார் ஆஸ்பிரினில் ஆக்சின் பாட்டில் முளைகள் சற்று நெடிதாக வந்தன, எத்திபான் பாட்டிலில் மாற்றமில்லை. கோபால்ட் காட்டிய அதே பக்கம். ஆனால் 1 மில்லிமோலாரில் மூன்று பாட்டிலும் ஒரே குட்டை, வேரும் நின்றுவிட்டது. ஒரே பொருள் ஓர் அளவில் மறிப்பான், இன்னோர் அளவில் நஞ்சு. ஆகவே எந்தப் பொருளையும் ஒரே ஒரு செறிவில் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, பத்துப் பத்து மடங்காக நீர்த்து மூன்று செறிவிலாவது வைக்க வேண்டும். ஆஸ்பிரினை இப்போதைக்கு ‘இருக்கலாம்’ பட்டியலில்தான் வைத்திருக்கிறேன்.

ஆய்வகங்களிலும் தர்க்கம் இதுவேதான், அளவுதான் பெரிது. 2010-இல் தைவான் ஆய்வாளர்கள், எத்திலீனை அளவுக்கு மீறித் தயாரிக்கும் ஓர் அராபிடாப்சிஸ் வகையை எடுத்துக்கொண்டார்கள். அது சும்மா காற்றிலேயே குள்ளமாக நிற்கும். பத்தாயிரம் மூலக்கூறுகளை அதன்மேல் சோதித்து, எது அதை நெடிதாக்குகிறது என்று தேடினார்கள். ஏ.சி.சி. தயாரிக்கும் நொதியை மறிக்கும் குயினசோலினோன் வகை மூலக்கூறுகள் அப்படித்தான் கிடைத்தன. நாங்கள் ஆக்சின் கொடுத்துச் செய்ததை அவர்கள் விதையின் பிறவிக் குணத்தை வைத்துச் செய்தார்கள்.

2009-இல் பைராபாக்டின் கதை இன்னும் பெரியது. விதை முளைப்பதை நிறுத்தும் ஒரு செயற்கை மூலக்கூறு, ஷான் கட்லர் குழுவினர் சலித்ததில் கிடைத்தது. அதன் வழியே போய், விதையை முளைக்கவிடாமல் நிறுத்திவைக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலத்தின் ஏற்பியைப் பிடித்தார்கள். அராபிடாப்சிஸில் அந்த ஏற்பிக் குடும்பத்தில் 14 பேர். ஒருவரை மரபணுவில் நீக்கினால் மற்றவர்கள் வேலையைப் பார்த்துக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. மூலக்கூறோ அவர்களில் சிலரை மட்டும் தேர்ந்து தட்டியதால் விஷயம் வெளிப்பட்டது. மரபணுவால் எட்டாத இடத்தை ஒரு சின்ன மூலக்கூறு எட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

செய்து பார்ப்பவர்களுக்கு: எத்திபான் மூலக்கரைசல் கடுமையான அமிலம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. முளைகளை யாரும் தின்னக் கூடாது, ஆட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது. கோபால்ட் நீரைக் கிணற்றடியிலோ வாழை மூட்டிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்துப் பள்ளிக் கூடத்தின் ரசாயனக் கழிவோடு கொடுத்துவிடுங்கள். மீந்த வெள்ளி நைட்ரேட்டில் சமையல் உப்பு நீர் விட்டால் வெள்ளி குளோரைடாகப் படியும், வடித்துக் காயவைத்துத் தனிப் புட்டியில் வைக்கலாம். தயோசல்பேட் கலந்த கரைசலில் உப்புப் போட்டாலும் வெள்ளி படியாது, அதைக் கோபால்ட் கேன் பக்கத்தில் இன்னொரு கேனில் சேருங்கள்.